மாத இலக்கை நாள்வாரியாகப் பிரித்தேன், கணக்கு உதைக்கிறது

ஒரு ஜவுளிக் கடைக்கு நான் செய்து கொடுத்த முதல் பவர் பிஐ (தரவை வரைபட அறிக்கையாக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) அறிக்கையில் ஜனவரி மாத விற்பனை இலக்கு 9 கோடியே 61 லட்சம் ரூபாய் என்று வந்தது. உண்மையான இலக்கு 31 லட்சம். கடை மேலாளர் கோபப்படவில்லை, சிரித்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. மாத எண்ணை 31 நாட்களுக்கும் நகலெடுத்துவிட்டு, 31ஆல் வகுக்க மறந்திருந்தேன். அவ்வளவுதான் விஷயம்.

விற்பனை பில் பில்லாக, நாள்தோறும் வருகிறது. இலக்கு, வாடகை, சம்பள பட்ஜெட் எல்லாம் மாதத்துக்கு ஒரு வரிசையாக எக்செல்லில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே வரைபடத்தில் பார்க்க வேண்டுமென்றால் மாத வரிசையை நாள் வரிசைகளாக விரிக்க வேண்டும். பவர் பிஐக்குள் தரவைச் சீர்செய்யும் பகுதியான பவர் குவெரியில் இது ஐந்து நிமிட வேலை. மாதத்தின் முதல் தேதியை லிஸ்ட்.டேட்ஸ் ஃபங்ஷனுக்குத் தொடக்கமாகவும், டேட்.டேஸ்இன்மந்த் தரும் எண்ணை நாட்களின் எண்ணிக்கையாகவும், ஒரு நாளை இடைவெளியாகவும் கொடுத்தால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு தேதிப் பட்டியல் முளைக்கும். அந்தப் பட்டியலைப் புதிய வரிசைகளாக விரித்தால் முடிந்தது. பிசகுவதெல்லாம் இந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னும் பின்னும்தான்.

கீழே இருப்பவை பெரும்பாலும் பவர் பிஐ பற்றியவை. வேறு கருவியில் வேலை செய்கிறவர்களுக்கும் நோய் ஒன்றுதான், மருந்தின் பெயர்தான் மாறும்.

முதலில் நாடி பார்க்க வேண்டும்

எந்த ஃபார்முலாவையும் தொடுவதற்கு முன் ஒரே ஒரு வகுத்தல் செய்யுங்கள். விரித்த அட்டவணையின் ஓராண்டு மொத்தத்தை, விரிப்பதற்கு முந்தைய மூல அட்டவணையின் ஓராண்டு மொத்தத்தால் வகுங்கள். வரும் விகிதமே பாதி நோயைச் சொல்லிவிடும். மாத இலக்குகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் சமமாக இருக்கும் சாதாரண ஆண்டில், நான் பார்த்த விகிதங்கள் இவை:

30.4 என்று வந்தால் வகுக்கவே இல்லை. 365ஐ 12ஆல் வகுத்தால் வருவது அதுதான்.

1.014 என்றால் எல்லா மாதத்தையும் 30ஆல் வகுத்திருக்கிறீர்கள்.

0.981 என்றால் எல்லாவற்றையும் 31ஆல் வகுத்திருக்கிறீர்கள்.

0.967 என்றால் ஒவ்வொரு மாதத்திலும் ஒரு நாள் விடுபட்டிருக்கிறது.

1.033 என்றால் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்தின் முதல் தேதியையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது.

சரியாக 2 என்றால் நாட்களின் கணக்கில் பிழை இல்லை. மூலத்துக்கும் விரித்தலுக்கும் நடுவில் எங்கோ ஒவ்வொரு வரிசையும் இரட்டித்திருக்கிறது.

0.033 என்றால் வகுத்தல் நடந்திருக்கிறது, விரித்தல் நடக்கவில்லை.

ஆண்டு மொத்தத்தை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜனவரியை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 30ஆல் வகுத்தவனுக்கு ஜனவரியில் 31/30, அதாவது 1.033 வரும். ஒரு நாள் அதிகம் சேர்த்தவனுக்கு 32/31, அதாவது 1.032 வரும். இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. பிப்ரவரியைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: 30ஆல் வகுத்தவனுக்கு அங்கே 0.933 என்று கீழே இறங்கும், ஒரு நாள் கூடியவனுக்கு அங்கேயும் 1.036 என்று ஏறியே நிற்கும். எதையும் சோதிக்க முதலில் பிப்ரவரியை எடுங்கள் என்பது என் பழக்கம்.

நிதியாண்டுக் கணக்கில் இன்னொரு சிறு கண்ணி. 2023-24 நிதியாண்டில் 2024 பிப்ரவரி 29 வருவதால் அதற்கு 366 நாட்கள். ஆண்டு பட்ஜெட்டை 365ஆல் வகுத்து நாட்களுக்கு ஒட்டியிருந்தால் ஒரு நாள் பணம் அதிகமாக நிற்கும். நாட்களின் எண்ணிக்கையைக் கையால் தட்டாதீர்கள், நாளுக்கு ஒரு வரிசையாக எல்லாத் தேதியும் இருக்கும் காலண்டர் அட்டவணையைக் கேளுங்கள்.

இலக்கு ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதியில் மட்டும் நிற்கிறது

வரைபடத்தில் மாதத்துக்கு ஒரு பனைமரம், நடுவில் வெட்டவெளி. மாத அட்டவணையை நேராகக் காலண்டருடன் இணைத்திருக்கிறீர்கள். மாதத்தின் முதல் தேதி மட்டுமே காலண்டரில் பொருந்துகிறது. இது பிழை என்றுகூடச் சொல்ல முடியாது, மாதிரி (அட்டவணைகளும் அவற்றுக்கிடையேயான இணைப்புகளும் சேர்ந்த அமைப்பு) நீங்கள் சொன்னதைத்தான் செய்கிறது. விரித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தால், காலண்டருடனான உறவு பழைய அட்டவணையிலிருந்து போகிறதா, புதியதிலிருந்து போகிறதா என்று பாருங்கள். இரண்டும் மாதிரியில் இருந்தால் பழையதை மாதிரிக்குள் ஏற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

மொத்தம் முப்பது மடங்கு பெருகிவிட்டது

விரிப்பதற்கு முன்பே வகுத்துவிட வேண்டும். மாதத் தொகையை மாதத்தின் நாட்களால் வகுத்து ‘நாள் இலக்கு’ என்று ஒரு நெடுவரிசை, அதன்பின் பழைய ‘மாத இலக்கு’ நெடுவரிசையை நீக்குதல், அதன்பின் விரித்தல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாத இலக்கை “பிறகு தேவைப்படலாம்” என்று விட்டுவைத்தால், ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் அதை இழுத்து ஒரு காட்சியில் போடுவார். அந்த ஒருவர் பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள்.

ஆனால் வகுத்தால் போதும் என்று எல்லா எண்ணுக்கும் சொல்லிவிட முடியாது. இங்கேதான் நான் பலமுறை சறுக்கியிருக்கிறேன், மற்றவர்கள் சறுக்குவதையும் பார்த்திருக்கிறேன். மாத எண்களில் இரண்டு சாதி உண்டு. இலக்கு, வாடகை, மின்கட்டணம் போன்றவை மாதம் முழுக்க ஒழுகிச் சேர்கிறவை. இவற்றை நாட்களுக்குப் பங்கு போடலாம், பங்குகளைக் கூட்டினால் மாதம் வரும். ஊழியர் எண்ணிக்கை, கையிருப்பு, டாலர் மதிப்பு, வட்டி விகிதம் போன்றவை ஒரு நிலையைச் சொல்கிறவை. 42 பேர் வேலை செய்யும் கிளையில் நாளுக்கு 1.35 பேர் என்று வகுத்து வைப்பது அபத்தம். அப்படியே 31 நாளும் 42 என்று நகலெடுத்துக் கூட்டினால் 1,302 பேர் வருகிறார்கள். அதுவும் அபத்தம்.

நிலையைச் சொல்லும் எண்ணை நகலெடுக்கத்தான் வேண்டும், கூட்டும் விதத்தை மெஷரில் (அறிக்கையில் கணக்குப் போடும் சூத்திரத்தில்) மாற்ற வேண்டும். கிளைகளைக் கூட்டலாம், நாட்களைக் கூட்டக்கூடாது. பவர் பிஐயின் சூத்திர மொழியான டாக்ஸில் அதற்கு வழி, காலண்டரின் ஒவ்வொரு தேதிக்கும் கிளைகளின் கூட்டுத்தொகையை எடுத்து, அந்தத் தேதிகளின் மேல் சராசரி எடுக்கும் ஆவரேஜ்எக்ஸ் போடுவது. மாதக் கடைசிக் கையிருப்புதான் வேண்டுமென்றால் கடைசித் தேதியின் மதிப்பை மட்டும் எடுப்பது. விகிதங்கள் இன்னும் ஒரு படி மோசம். டாலர் மதிப்பைக் கிளைகளுக்கும் கூட்ட முடியாது.

ஆகவே ஓர் அட்டவணையில் இரண்டு சாதி எண்களும் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகளில் இருந்தால், விரிப்பதற்கு முன் இரண்டு வினவல்களாக (குவெரிகளாக) பிரித்துவிடுங்கள். ஒரே வினவலில் சிலதை வகுத்து சிலதை விட்டுவைத்தால் அடுத்து வருகிறவருக்கு அது புதிர்.

மாதத்தின் கடைசி நாளைக் காணவில்லை

31ஆம் தேதியிலிருந்து 1ஆம் தேதியைக் கழித்தால் 30தான் வரும். பந்தியில் முதல் இலையிலிருந்து கடைசி இலைவரை உள்ள இடைவெளிகளை எண்ணிவிட்டு அதுதான் இலைகளின் எண்ணிக்கை என்று சொல்வதைப் போன்ற தவறு. லிஸ்ட்.டேட்ஸ் இரண்டாவதாகக் கேட்பது கடைசித் தேதியை இல்லை, எண்ணிக்கையை. கழித்து எழுதினால் மறக்காமல் ஒன்றைக் கூட்டுங்கள். முழு மாதம்தான் என்றால் கழிப்பதையே விட்டுவிட்டு டேட்.டேஸ்இன்மந்த் பயன்படுத்துங்கள்.

மாதத்தின் நடுவில் தொடங்கும் குத்தகை, ஒப்பந்தம் போன்றவற்றில் கழித்தே ஆக வேண்டும். அங்கே முடிவுத் தேதி காலியாக இருக்கும் வரிசைகளைத் தேடுங்கள். “இன்னும் நடப்பில் உள்ளது” என்பதைப் பலர் வெற்றுக் கட்டமாகத்தான் குறிக்கிறார்கள். காலியிலிருந்து எதைக் கழித்தாலும் காலிதான், எண்ணிக்கை கிடைக்காமல் அந்த வரிசை பிழையாகிவிடும். விரிப்பதற்கு முன் காலியான முடிவுத் தேதிகளுக்கு நிதியாண்டின் கடைசித் தேதியை இட்டு நிரப்புங்கள்.

மற்ற மாதமெல்லாம் சரி, கடைசி மாதம் மட்டும் ஒரே நாள்

இது வேறு நோய். பைத்தான் மொழியில் பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அடிக்கடி வரும். மாத முதல் தேதிகளைக் குறியீடாக வைத்து, நாள்வாரியாக ரீசாம்பிள் செய்து, முந்தைய மதிப்பை இழுத்து நிரப்பினால், ஜனவரி முதல் நவம்பர் வரை முழுதாக வரும். டிசம்பருக்கு 1ஆம் தேதி மட்டும் வரும். குறியீட்டில் இருக்கும் கடைசித் தேதி டிசம்பர் 1, அதற்கு மேல் போக அதற்குக் காரணமில்லை. மாதக் கடைசித் தேதிகளை வைத்திருந்தால் நோய் தலைகீழாக வரும், ஜனவரிக்கு 31ஆம் தேதி மட்டும் இருக்கும். முழுத் தேதி வரம்பை முதலில் தனியே உருவாக்கி, அதன்மேல் மதிப்புகளைப் பொருத்தும் ரீஇண்டெக்ஸ் செய்வதுதான் தீர்வு.

பவர் பிஐயில் இதே நோய் காலண்டர் வழியாக நுழைகிறது. காலண்டர் அட்டவணையை, மாத இலக்கின் சிறிய தேதியிலிருந்து பெரிய தேதிவரை என்று உருவாக்கியிருப்பீர்கள். நிதியாண்டின் கடைசி மாத வரிசை மார்ச் 1 என்று இருந்தால் காலண்டரும் மார்ச் 1இல் நின்றுவிடும். இலக்கை விரித்த பிறகு மார்ச் 2 முதல் 31 வரையான 30 நாட்களுக்கு வீடில்லை. அவை எங்கே போகும் என்பது அடுத்த அறிகுறி.

ஸ்லைசரில் (அறிக்கையின் வடிகட்டிப் பெட்டியில்) பெயரில்லாத ஒரு வெற்று வரிசை, அதில் கணிசமான பணம்

காலண்டரில் இல்லாத தேதிகள் எல்லாம் சேர்ந்து தங்கும் சத்திரம் அது. முதலில் மேலே சொன்னபடி காலண்டரின் கடைசித் தேதியைப் பாருங்கள். கடைசி மாதத்தின் கடைசி நாள்வரை அதை நீட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரியாகவில்லையென்றால், தேதிக்குள் நேரம் ஒளிந்திருக்கிறது. ஜனவரி 5 காலை 5:30 என்பது திரையில் ஜனவரி 5 என்றே தெரியும், ஆனால் நள்ளிரவு என்று பொருள்படும் காலண்டரின் ஜனவரி 5உடன் பொருந்தாது. மாதிரியில் நெடுவரிசையின் வகையைத் தேதி என்று மாற்றினாலும் சில சமயம் உள்ளே நேரம் அப்படியே இருக்கும். பவர் குவெரியிலேயே வகையைத் தேதியாக்குங்கள், அங்கே நேரம் வெட்டப்பட்டுவிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தொடர் உருவாக்கும் ஜெனரேட்_சீரிஸ் கொண்டு விரித்துக் கொண்டுவருகிறவர்கள் கவனிக்க: தேதிகளைக் கொடுத்தாலும் அது திருப்பித் தருவது நேரத்தோடு கூடிய முத்திரை. வினவலிலேயே தேதியாக மாற்றிக் கொண்டுவருவது நல்லது.

மூன்றாவது காரணம், விரித்த நெடுவரிசைக்கு வகையே கொடுக்காமல் விட்டது. பட்டியலை விரித்ததும் வரும் நெடுவரிசை ‘எதுவாகவும் இருக்கலாம்’ என்ற வகையில் இருக்கும். அப்படியே ஏற்றினால் மாதிரியில் அது உரையாக இறங்கும். உரையும் தேதியும் கைகுலுக்காது.

தேதிக்குப் பதிலாக 45292

பயப்பட ஒன்றுமில்லை. அது 2024 ஜனவரி 1இன் வரிசை எண். சுருள் அடைப்புக்குள் இரண்டு புள்ளி வைத்துத் தொடர் உருவாக்கும் குறுக்கு வழி தேதிகளை ஏற்பதில்லை என்பதால், பலர் தேதியை எண்ணாக்கி அந்தத் தொடரை எழுதுவார்கள். விரித்தபின் வகையைத் தேதியாக மாற்றுங்கள், சரியாகிவிடும். இந்த வழியில் இரண்டு முனைகளும் சேர்ந்தே வரும், ஒன்றைக் கூட்ட வேண்டாம். நான் லிஸ்ட்.டேட்ஸ் கட்சி. படிக்கும்போதே என்ன செய்கிறது என்று தெரிகிறது.

இலக்கு தப்பான மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது

ஏப்ரல் இலக்கு ஜனவரியில் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. 01/04/2024 நமக்கு ஏப்ரல் 1, அமெரிக்க அமைப்புக்கு ஜனவரி 4. மாத முதல் தேதிகள் எல்லாமே ‘01’ என்று தொடங்குவதால் பன்னிரண்டு மாதமும் ஜனவரிக்குள் 1 முதல் 12ஆம் தேதிகளாகப் புகுந்துவிடும். தினசரித் தரவில் 13ஆம் தேதி வந்ததும் பிழை கத்திவிடும். மாதத் தரவில் கத்தவே கத்தாது. அதனால்தான் இது கொடியது. பவர் குவெரி தானாகச் சேர்க்கும் வகைமாற்றப் படியை அழித்துவிட்டு, இருப்பிட அமைப்பைக் குறிப்பிட்டு வகைமாற்றும் தேர்வில் ஆங்கிலம்-இந்தியா என்று கொடுங்கள்.

எக்செல்லில் ஜனவரியின் மூன்றெழுத்துச் சுருக்கத்தோடு கோடு போட்டு 24 என்று கையால் தட்டுகிறவர்கள், அது நடப்பாண்டின் ஜனவரி 24ஆம் தேதியாகப் பதிவாகியிருக்கக்கூடும் என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும். விரிப்பதற்கு முன் டேட்.ஸ்டார்ட்ஆஃப்மந்த் ஒன்றைப் போட்டால் தேதி 1க்குத் திரும்பிவிடும், ஆனால் ஆண்டு தப்பாக இருந்தால் அது திருத்தாது.

மொத்தத்தில் ஆறு ரூபாய் உதைக்கிறது

ஒரு லட்சத்தை 31ஆல் வகுத்தால் 3,225.806 என்று நீளும். ரூபாய்க்கு முழுமையாக்கி 3,226 என்று வைத்தால் 31 நாளில் 1,00,006. பைசாவுக்கு முழுமையாக்கினால் 11 பைசா அதிகம். ஆறு ரூபாய்தானே என்று நாம் விடலாம், கணக்காளர் விடமாட்டார். அவர் பக்கம்தான் நியாயம்.

பணம் என்றால் முழுமையாக்காமல் விட்டுவிடுங்கள், திரையில் காட்டும் வடிவமைப்பில் மட்டும் புள்ளிக்குப் பின் வருவதை மறையுங்கள். எண்ணிக்கை என்றால் அப்படிச் செய்ய முடியாது, 16.13 புடவையை யாரும் விற்க முடியாது. மாதத்துக்கு 500 புடவை இலக்கு என்றால் நாளுக்கு 16, மிச்சம் 4. அந்த நான்கைக் கடைசி நாளில் கொட்டுவது எளிது, பார்க்க அசிங்கம். நான் செய்வது இது: 10ஆம் தேதிவரை சேர வேண்டிய மொத்தத்தை முழுமையாக்கி, அதிலிருந்து 9ஆம் தேதிவரை சேர வேண்டியதை முழுமையாக்கிக் கழிப்பது. ஒவ்வொரு நாளும் இப்படியே. சில நாள் 16, சில நாள் 17 என்று மாதம் முழுக்கப் பரவும், மாதக் கடைசியில் 500ஐ விட்டு ஒன்றுகூட நகராது. பவர் குவெரியின் நம்பர்.ரவுண்ட் 2.5ஐ 3 ஆக்காமல் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணான 2 ஆக்கும் வழக்கமுடையது என்பதை நினைவில் வையுங்கள். எக்செல்லோடு ஒப்பிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களுக்கு இது உதவும்.

கூட்டல் சரி, ஆனால் நாள் இலக்கை யாரும் நம்பவில்லை

மேலே சொன்ன எல்லாம் தொழில்நுட்பப் பிழைகள். இது அதைவிடக் கஷ்டமானது, விகிதம் சரியாக 1 என்று வந்த பிறகும் இருக்கும்.

2024இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. ஒரு ஜவுளிக் கடைக்கு அந்த அக்டோபரின் இலக்கு 3 கோடி என்று வைத்துக்கொள்வோம். சமமாக வகுத்தால் நாளுக்கு 9.68 லட்சம். அக்டோபர் 5ஆம் தேதி கடையில் ஈ ஓட்டுவார்கள், அறிக்கை சிவப்பில் அலறும். 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது, அறிக்கை “இலக்கைத் தாண்டிவிட்டீர்கள்” என்று பச்சை காட்டும். இரண்டுமே பொய். மேலாளர் மூன்றாம் நாளே அறிக்கையைத் திறப்பதை நிறுத்திவிடுவார்.

எடை வைத்துப் பிரிக்க வேண்டும். காலண்டர் அட்டவணையில் எடை என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். அக்டோபர் 1 முதல் 17 வரை எடை 1, 18 முதல் 30 வரை 3, தீபாவளி அன்று மறுபடி 1 என்று எடுத்தால் மொத்த எடை 17, 39, 1 சேர்ந்து 57. மூன்று கோடியை 57ஆல் வகுத்தால் 5.26 லட்சம். சாதாரண நாளுக்கு அது, நெரிசல் நாளுக்கு 15.79 லட்சம். எடை 3 என்பது நான் உதாரணத்துக்குச் சொன்னது, உங்கள் கடையின் முந்தைய ஆண்டு பில்களிலிருந்து எடுங்கள். எடுக்கும்போது தேதியை வைத்து எடுக்காதீர்கள். 2023இல் தீபாவளி நவம்பர் 12. தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு என்பதை வைத்து எடுக்க வேண்டும். ஆடித் தள்ளுபடிக்கும் இதே கதை. ஆடி ஜூலை நடுவில் பிறக்கும் மாதம், ஜூலையை நேர்கோடாகப் பிரித்தால் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றாகத் தெரியும்.

வேலை நாட்களுக்கு மட்டும் பிரிக்கும் அலுவலகங்களுக்கும் இதே முறைதான், விடுமுறைக்கு எடை சுழியம். 2024 ஜனவரியில் நான்கு ஞாயிறு. பொங்கலையொட்டி தமிழகத்தில் 15, 16, 17 மூன்று நாளும், குடியரசு நாளும் போனால் மிச்சம் 23 நாள். ஆனால் ஜவுளிக் கடைக்கு ஞாயிறுதான் நல்ல வியாபார நாள். காலண்டரில் ‘வார இறுதி’ என்று ஏற்கனவே இருக்கும் நெடுவரிசையை யோசிக்காமல் எடுத்துக்கொண்டு ஞாயிறுக்குச் சுழியம் போட்ட மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன்.

எடையில் இரண்டு இடத்தில் கால் இடறும். எடைகளின் மொத்தத்தை அந்தந்த மாதத்துக்குள் எடுக்க வேண்டும், கிளைக்குக் கிளை விடுமுறை மாறினால் கிளை-மாதத்துக்குள் எடுக்க வேண்டும். ஆண்டு முழுவதற்கும் எடுத்துவிட்டால் ஒவ்வொரு மாதமும் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கும். இன்னொன்று, மொத்த எடை சுழியமாகிவிடும் மாதம். பொதுமுடக்கத்தில் ஜவுளிக் கடைகள் அடைந்துகிடந்த 2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். பட்ஜெட் போட்டாயிற்று, வேலை நாள் ஒன்றுகூட இல்லை. பவர் குவெரி சுழியத்தால் வகுத்தால் பிழை காட்டாமல் முடிவிலி என்று வைக்கும். டாக்ஸின் டிவைட் வெற்றாக விட்டுவிடும், அந்த மாதத்து இலக்கு சத்தமில்லாமல் மறையும். இந்த மாதங்களுக்கு மட்டும் சம பங்கு என்று ஒரு நிபந்தனை வைப்பது என் வழக்கம்.

மாத நடுவில் எல்லாக் கிளையும் சிவப்பில் நிற்கிறது

விற்பனை 12ஆம் தேதிவரைதான் வந்திருக்கிறது, இலக்கு 31வரை கூட்டப்படுகிறது. விற்பனையில் இருக்கும் கடைசித் தேதிவரை மட்டும் இலக்கைக் கூட்டும்படி மெஷரில் வரம்பு வையுங்கள். இன்றைய தேதியைத் தரும் டுடே ஃபங்ஷனை வரம்பாக வைக்காதீர்கள். ஒன்று, நேற்றைய பில்கள் இன்னும் ஏறாமல் இருக்கலாம். இரண்டு, பவர் பிஐ இணையச் சேவையில் அது கிரீன்விச் நேரத்தைப் பின்பற்றுகிறது. நம் ஊரில் காலை 5:30 வரை அதற்கு இன்னும் நேற்றுதான். உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்த அறிக்கை, வெளியிட்டபின் அதிகாலையில் மட்டும் தப்பாகத் தெரிந்தால் காரணம் இதுவே.

ரெஃப்ரெஷ் (தரவைப் புதுப்பித்தல்) தவழ்கிறது

40 கிளை, 12 பொருள் வகை என்றால் ஆண்டுக்கு 5,760 மாத வரிசைகள், விரித்தால் 1,75,200. இதற்கெல்லாம் பவர் பிஐ மூச்சு வாங்காது. ஒரே மதிப்பு 31 முறை திரும்பத் திரும்ப வருவதால் நன்றாகவே சுருங்கியும் கொள்ளும். அதே 40 கிளைக்கு 3,000 பொருட்கள் என்று பொருளளவில் விரித்தால் 4 கோடியே 38 லட்சம் வரிசைகள். இங்கே நின்று யோசிக்க வேண்டும். பொருளளவில் நாள் இலக்கை யாராவது பார்க்கிறார்களா என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பதில் பெரும்பாலும் மௌனம்தான்.

பார்க்கவில்லையென்றால் விரிக்கவே வேண்டாம். மாத அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதத்துக்கும் மாத இலக்கை, தேர்ந்தெடுத்த நாட்களுக்கும் மாதத்தின் மொத்த நாட்களுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கும் மெஷர் ஒன்று எழுதினால் போதும். எடை இருந்தால் நாட்களின் இடத்தில் எடைகள். மெஷர் எழுதுவது கொஞ்சம் சிரமம், மாதிரி இலேசாக இருக்கும்.

விரித்தே தீர வேண்டுமென்றால், அந்தப் படியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தேதிப் பட்டியல் உருவாக்கும் படியைத் தரவுத்தளத்திடம் ஒப்படைக்கப் பவர் குவெரியால் முடியாது, அதற்குப் பின் வரும் வடிகட்டல் எல்லாம் உங்கள் கணினியின் தலையில்தான் விழும். வேண்டாத ஆண்டுகளையும் நெடுவரிசைகளையும் முன்பே கழித்துவிடுங்கள்.

தரவுத்தளத்திலேயே விரிக்க அனுமதி இருந்தால் இன்னும் நல்லது. அங்கே ஒரு காலண்டர் அட்டவணை வைத்து, தேதி மாதத் தொடக்கத்துக்கும் மாத முடிவுக்கும் இடையில் வரும்படி ஜாயின் (அட்டவணை இணைப்பு) போடுங்கள். எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தில் தன்னையே அழைக்கும் வினவலால் தேதி உருவாக்குகிறவர்கள், அது இயல்பாக 100 சுற்றோடு நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும். ஒரு மாதத்தை வைத்துச் சோதித்தபோது ஓடியது, ஓராண்டுக்கு ஓட்டியதும் பிழை வந்தது என்று புகார் வந்தால், மேக்ஸ்ரிகர்ஷன் வரம்பை உயர்த்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.